மலைப்பாதையும் வியர்வையின் உரிமையும்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையில் இருவகைப் பிரயாணிகளைக் காணலாம். ஒருவர் மோட்டாரில் சாய்ந்தமர்ந்து செல்பவர். மற்றவர் சைக்கிளை மிதித்து, வளைவுதோறும் மூச்சிரைத்து, ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவை அடைபவர். இருவரும் காணும் காடும் அருவியும் ஒன்றே. ஆயினும், வியர்வை சிந்தி ஏறியவருக்கே மலையழகு உரியதென நம்மவரிற் பலர் கூறுவர். இக்கூற்று ஆராயத்தக்கது.

வியர்வையே உரிமை தருமாயின், அச்சாலையில் முதலுரிமை யாருக்கு? 1885-ஆம் ஆண்டில் நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரை மலை தாங்கி நிற்கிறது. 1928-இல் தொடங்கி 1931-இல் முடிந்த சாலைவேலையில், மழையிலும் சேற்றிலும் மலேரியாக் காய்ச்சலிலும் உழன்ற தொழிலாளரின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1929-இல் தோன்றிய போ தேயிலைத் தோட்டத்தின் சரிவுகளில் கூடை சுமந்த நம் தமிழ்ப் பெண்கள், எப்பந்தயத்திலும் சேராமலே நாள்தோறும் மலையேறினர். அவர்களை வீராங்கனைகள் என்று அழைத்தார் யார்? கூலிகள் என்றன்றோ உலகம் அழைத்தது! 1996-இல் தொடங்கிய லங்காவி சைக்கிள் பந்தயத்தில் கெந்திங் மலையேறுவோரை நாடே கொண்டாடுகிறது, கொண்டாடட்டும். ஆனால் விளையாட்டிற் சிந்தும் வியர்வைக்குப் பதக்கமும், பிழைப்பிற் சிந்தும் வியர்வைக்கு இழிபெயரும் வழங்குவது எவ்வகை நியாயம்?

இவ்வேற்றுமைக்குக் காரணம் உழைப்பின் அளவன்று. சைக்கிள்காரர் களைத்தால் இறங்கி நிற்கலாம். மனம் மாறினால் திரும்பியும் போகலாம். கொழுந்து பறித்தவரோ நின்றால் கூலி குறையும். விரும்பியபோது நிறுத்தும் சுதந்திரம் உள்ளவரின் சிரமமே இன்பமாகிறது. அஃதில்லாதவரின் சிரமம் வெறுஞ்சுமையே.

இவ்வுண்மை மலைநாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஜாசினிலும் அலோர் காஜாவிலும் உள்ள மலாக்காத் தோட்டங்களுக்கும் பொருந்தும். இங்கு வேலைநாட் கணக்கை எழுதும் கிராணிமாராகிய நாம் அதனை முதலில் உணரக் கடமைப்பட்டவர்கள். ஆங்கிலப் பள்ளியில் உழைப்பின் மேன்மையைப் பற்றிக் கட்டுரை வரைந்தவர் நம்மிடையே பலர். ஆனால் புகழ்ச்சியினால் உழைப்பவர்க்கு ஒரு நாழிகை ஓய்வும் கிட்டிவிடாது.

ஆகவே, மலையழகு யாருக்கு உரியது என்று வினவுவதினும், அதைக் காணும் ஓய்வு யாருக்கு உண்டு என்று வினவுவதே அறமாகும். பால்மரம் சீவுபவரோ செம்பனைக் குலை வெட்டுபவரோ, சம்பளம் குறையாத விடுமுறையில், பிள்ளைகளோடு அச்சாலையில் ஏறி, வேண்டிய வளைவில் வண்டியை நிறுத்தி, வேண்டுமளவு நின்று பார்க்கும் நாளிலேதான் அச்சாலையின் வேலை முற்றுப்பெறும்.