மருமகளுக்கு ஒரு நீலக்கல்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோ மீட்டர் பாதையில் அடி அண்ணாமலை என்னும் ஊர் இருக்கிறது. அண்மையில் ஒரு நிக்காஹ் மஜ்லிஸுக்காக அவ்வழியே சென்றபோது, உடன் வந்த சகோதரர் ஒருவர் பாதையோரக் கடையொன்றின் முன் வண்டியை நிறுத்தினார். அங்கே கல் மோதிரங்களும், எந்த மாதம் பிறந்தவருக்கு எந்தக் கல் என்று எழுதிய அட்டையும் இருந்தன.

"ஹஜரத், என் மருமகள் செப்டம்பரில் பிறந்தவள். நீலக்கல் என்று போட்டிருக்கிறது. ஒன்று வாங்கிக் கொடுக்கலாமா?" என்றார்.

"மருமகளுக்கு நகை கொடுப்பது நல்ல காரியம்தானே! ஏன் நீலம்?" என்று கேட்டேன்.

சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவள் வந்த நாளிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. கல் போட்டாலாவது சரியாகும் என்று வீட்டில் சொல்கிறார்கள்."

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். இது அன்பளிப்பா? 'உன்னால்தான் எங்களுக்கு நஷ்டம்' என்ற பழியையல்லவா பொன்னில் பதித்து அந்தப் பெண் பிள்ளையின் விரலில் மாட்டுகிறோம்! சகுனம் பார்ப்பதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இல்லாதொழித்தார்கள். நாமோ வீட்டுக்கு வந்த மருமகளையே சகுனமாக்கிவிடுகிறோம்.

கல் பதித்த நகை ஆகாது என்று மார்க்கம் சொல்லவில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார்கள். அதில் அபிசீனியக் கல் இருந்ததாக அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முத்தையும் பவளத்தையும் தன் அருட்கொடைகளாக அல்லாஹ் ஸூரத்துர் ரஹ்மானில் எடுத்துக் கூறுகிறான். அன்பளிப்புச் செய்து ஒருவரையொருவர் நேசிக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுமிருக்கிறார்கள். அழகுக்காக அணிவது ஆகும். அன்புக்காகக் கொடுப்பது நன்மை. நன்மையும் தீமையும் கல்லின் கையில் இருப்பதாக நம்புவதுதான் ஈமானைப் பாழாக்கும் ஷிர்க்.

அந்த அட்டையின் வரலாற்றையும் கேளுங்கள். இன்று வழங்கும் பிறந்த மாதக் கல் பட்டியலை 1912இல் அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் கூடிய நகை வியாபாரிகள் சங்கம் வகுத்தது. 2002இல் டிசம்பருக்கு டான்சனைட் என்ற கல்லைச் சேர்த்தார்கள். அந்தக் கல் டான்சானியா நாட்டில் கண்டெடுக்கப்பட்டதே 1967இல்தான்! 2016இல் ஆகஸ்டுக்கு ஸ்பினல் வந்தது. வியாபாரிகள் கூடித் திருத்தும் விலைப்பட்டியலா நம் விதியைத் திருத்தும்?

இன்னொன்று. ஜூலைக்கு மாணிக்கம், செப்டம்பருக்கு நீலம் என்கிறார்கள். இரண்டும் ஒரே கனிமம். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். ஜோதிடமோ ஒன்றைச் சூரியனுக்கும் மற்றதைச் சனிக்கும் கொடுத்திருக்கிறது! நம் பெரியவர்கள் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. அந்தத் தேதியைப் பார்த்தா கல் பலன் தரும்?

நபி (ஸல்) அவர்களின் அருமை மகனார் இப்ராஹீம் மறைந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. மக்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் சூரிய சந்திரர்களுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று பெருமானார் அப்போதே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், நீ நன்மையோ தீமையோ செய்ய இயலாத கல் என்பதை நான் அறிவேன். நபியவர்கள் முத்தமிட்டதைக் கண்டதால்தான் நானும் முத்தமிடுகிறேன் என்ற கருத்தைச் சொன்னார்கள். கஃபாவின் கல்லுக்கே இந்த நிலை என்றால் கடைக்கல்லுக்கு என்ன வந்தது?

நம்மிலும் சிலர், "அது மற்றவர்கள் வழக்கம், நாங்கள் பரக்கத்துக்காக அகீக் கல் போடுகிறோம்" என்பார்கள். அகீக்கினால் பரக்கத் உண்டாகும் என்று உலவும் அறிவிப்புகளை ஹதீஸ் கலை அறிஞர்கள் ஆதாரமாக ஏற்கவில்லை. பெயரை மாற்றினால் நம்பிக்கை மாறிவிடுமா? காயல்பட்டினம், கீழக்கரை வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக முத்தும் மணியும் விற்றவர்கள். அவர்களிலும் ஏற்றம் கண்டவர் உண்டு. இறக்கம் கண்டவரும் உண்டு. பெட்டி நிறையக் கல் இருந்தும் விதி மாறவில்லையே!

ஆகவே, நகை கொடுக்க விரும்புகிறவர்கள் மாதத்தைப் பார்க்காதீர்கள். பெறுகிறவரின் மனத்தைப் பாருங்கள். அவளுக்குப் பிடித்ததைக் கேளுங்கள். கல்லின் எடையைக் கழித்துப் பொன்னுக்கு மட்டும் பொன் விலை கொடுங்கள், ரசீது வாங்குங்கள். வட்டிக்குக் கடன் வாங்கிப் பரிசு கொடுக்காதீர்கள். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது. வெள்ளி மோதிரம் போதும். மற்றவர்களின் வழிபாட்டை ஏசுவதைக் குர்ஆன் தடுத்திருக்கிறது. நம் வீட்டைத் திருத்துவதே நம் வேலை.

அந்தச் சகோதரர் அன்று மோதிரம் வாங்கவில்லை. பிறகு மருமகளையே கடைக்கு அழைத்துப் போனாராம். அவள் ஒரு ஜோடி சிறிய முத்துத் தோடு எடுத்தாளாம். "வியாபாரம் இன்னும் சரியாகவில்லை ஹஜரத். கணக்கைப் பார்த்தேன், நான் கொடுத்த கடன் திரும்பி வராததுதான் காரணம். பாவம், அந்தப் பிள்ளையைச் சொன்னோமே!" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தவ்ஹீதில் உறுதிப்படுத்தி, நம் வீட்டுப் பெண் மக்களை வீண் பழியிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.