பெயர் தெரியாத உருப்படியும் மூன்று அளவைகளும்

ஒரு வீட்டில் சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு நீர் ஏறும் குழாயில், மோட்டாருக்குச் சற்று மேலே, பித்தளையில் தடித்த உருப்படி ஒன்று இருக்கிறது. கைப்பிடி இல்லை. உடலில் ஓர் அம்புக்குறி, ஒருபுறம் திருகுமூடி. அந்த வீட்டில் யாருக்கும் அதன் பெயர் தெரியாது. கண்ணெதிரே இருந்தும் அறியப்படாத ஒரு பொருள் எப்போது அறியப்பட்டதாகிறது?

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் என்னும் சைவ சித்தாந்த நூலின் சுபக்கம் என்ற பகுதி, பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) பற்றிப் பேசுமுன் இக்கேள்வியை எடுத்துக்கொள்கிறது. அளவைகள், அதாவது அறியும் கருவிகள், ஆறு என்றும் பத்து என்றும் பலர் எண்ணினாலும் எல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்கிறது. இறைவனை அறிவதற்கு முன் அறிவின் கருவிகளையே சோதிக்கும் இந்த நேர்மை போற்றத்தக்கது. கடவுளுக்கு ஓர் அளவை, குழாய்க்கு வேறோர் அளவை என்று அது பிரிக்கவும் இல்லை.

காண்டலில், அதாவது நேரே அறிவதில், இரு நிலைகள் உண்டு. ஏதோ ஒன்று இருக்கிறது என்று மட்டும் அறிவது நிருவிகற்பம். பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு சேர்த்து அறிவது சவிகற்பம். பித்தளை, கனம், அம்புக்குறி எல்லாம் குணங்கள்; அவை தெரிகின்றன. கன்மம், அதாவது அது செய்யும் வேலை, தெரியவில்லை. அதனால் ஐயம் எழுகிறது. நீர் திரும்பிவிடாமல் தடுக்கும் நான் ரிட்டர்ன் வால்வுக்கும் அம்புக்குறி உண்டு. மண்ணையும் துருவையும் பிடித்துவைக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் உண்டு. இரண்டுக்கும் கைப்பிடி கிடையாது, இரண்டிலும் மூடி இருக்கலாம். தூரத்தில் நிற்பது தறியோ மனிதனோ என்று மயங்கும் பழைய ஐயமும் பொதுத்தன்மை தெரிந்து சிறப்புத்தன்மை தெரியாததால் வருவதுதான்.

இங்கே கருதல், அதாவது ஏதுவைக் (காரணக் குறியை) கொண்டு ஊகித்தறிதல், தேவைப்படுகிறது. இயல்பு, காரியம், அனுபலத்தி என ஏது மூவகை என்கிறது சித்தியார். கைப்பிடி இன்மை அனுபலத்தி, அதாவது காணப்படாமை என்னும் ஏது: அதைக் கொண்டு இது கேட் வால்வோ பால் வால்வோ அன்று என்று விலக்கலாம். மோட்டாரை நிறுத்தியதும் உள்ளே 'டக்' என்று ஓர் ஓசை கேட்டால் அது காரிய ஏது: கீழே திரும்ப முயலும் நீர் உள்ளிருக்கும் தட்டை அறைந்து மூடியிருக்கலாம். ஆனால் கிளாம்ப் தளர்ந்த குழாய் சுவரில் மோதினாலும் ஓசை எழும். வேறொரு காரணத்தாலும் வரக்கூடிய ஒன்றை உறுதியான ஏதுவாகக் கொள்ளக் கூடாது. வீட்டுப் பழுதுகளில் நிகழும் தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருபவை.

உரை என்பது நம்பத்தகுந்தோர் சொல். சைவ சித்தாந்தத்தில் அது முதன்மையாக ஆகமத்தைக் குறிக்கும்; குழாய் வேலையில் அனுபவமுள்ள பிளம்பரின் சொல் அதற்கு ஈடாகாது, சோதனைக்கு உட்பட்டது. ஆயினும் அதற்குத் தனி மதிப்பு உண்டு. மலையும் மரமும் மனிதர் கருதிச் செய்தவை அல்ல. வால்வு ஒருவர் ஒரு நோக்கத்தோடு செய்தது. அந்த நோக்கம் உலோகத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் முழுதும் வெளிப்படாது. செய்வோர், பூட்டுவோர் மரபில்தான் அது வாழ்கிறது. பெயரை மட்டும் கேட்டுக்கொண்டவர் அந்த மரபு தருவதில் பாதியைத்தான் பெற்றிருக்கிறார். நான் ரிட்டர்ன் வால்வு என்ற பெயர் தெரிந்தும் அதை அம்பு கீழ்நோக்க மாட்டினால் ஒரு சொட்டுக்கூட மேலேறாது.

இப்படிப் பெற்ற அறிவு மெய்யானதா என்பதை அது தூண்டும் செயலின் பயனால் உறுதிசெய்யலாம் என்பது நியாய மரபின் கருத்து. வாத்ஸ்யாயனரின் நியாய பாஷ்யம் அதைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மின்சாரத்தை நிறுத்தி, குழாயில் நிற்கும் நீரை வடித்து, மூடியைத் திருகிக் கழற்றிப் பார்க்கலாம்: சல்லடை இருந்தால் ஸ்ட்ரெய்னர்; கீலில் ஆடும் தட்டு இருந்தால் நான் ரிட்டர்ன் வால்வு.