கற்பித்த கடவுளின் சுதந்திரம்

ஈசுவரனைக் கதாபாத்திரமாக வைத்துக் கதை எழுதத் துணிகிறவன் அந்த ஈசுவரனிடத்தில் பூரண விசுவாசம் உள்ளவனாக இருந்தாக வேண்டுமா என்பது நெடுங்காலமாக என் மனத்தில் தீராதிருக்கும் ஒரு சந்தேகம். விசுவாசி எழுதினால் புராணம், அவிசுவாசி எழுதினால் பரிகாசம் என்று நம்மவர் சுலபமாகப் பிரித்து வைத்துவிடுகிறார்கள். அந்தப் பாகுபாட்டில் எந்தப் பக்கமும் சேராமல் நிற்பவர் புதுமைப்பித்தன்.

1906ஆம் ஆண்டு திருப்பாதிரிப்புலியூரில் சைவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, சிறு பிராயத்திலேயே தாயை இழந்து, தகப்பனாருடைய சர்க்கார் உத்தியோகத்தை முன்னிட்டுச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என்று ஊர் ஊராகப் படித்து, கடைசியில் திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் 1931இல் பி.ஏ. தேறிய சொ. விருத்தாசலம் (புதுமைப்பித்தனின் இயற்பெயர் அதுவே), பிறகு சென்னைக்கு வந்து மணிக்கொடி, தினமணி, தினசரி என்று பத்திரிகைகளை அண்டி ஜீவனம் நடத்தியதும், 1948இல் தமது 42ஆவது வயதில் க்ஷயரோகத்துக்கு இரையானதும் இலக்கிய அபிமானிகள் அறிந்தவையே. பேய்களையும் பிரம்ம ராக்ஷஸர்களையும் கடல்கொண்ட கபாடபுரத்தையும் சிவபெருமானையும் பட்டணத்து டிராம் வண்டிகளோடு ஒரே மூச்சில் எழுதக்கூடிய அவருடைய கற்பனை எங்கிருந்து ஊறிற்று என்று ஆராய்கிறவர்கள், அவர் ஏராளமாக மொழிபெயர்த்த அயல்நாட்டுச் சிறுகதைகளையே பெரும்பாலும் சுட்டுவார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் பரமசிவனை உரிமையோடு வீட்டுத் திண்ணைக்கு அழைத்துவரும் துணிச்சல் மொழிபெயர்ப்பினால் கிட்டுவதன்று. அது திருநெல்வேலிச் சைவம் அவருக்குக் கொடுத்த சீதனம்.

அவர் எழுதிய விதமும் கவனிக்கத் தக்கது. கதைக்காக நிஷ்டையில் அமர்ந்து யோசிக்கும் வழக்கம் தமக்கு இல்லையென்றும், எடுத்த எடுப்பில் எழுதிவிடுவதாகவும், நெஞ்சில் எழுதாத கதைகள் எப்பொழுதும் குவிந்து கிடப்பதால் வேண்டும்போது அந்தக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்வதாகவும் ‘என் கதைகளும் நானும்’ என்ற கட்டுரையில் அவரே தெரிவித்திருக்கிறார். நிஷ்டை கூடாமல் எழுதியவனுடைய கடவுள் எப்படிப்பட்டவர்?

1943இல் கலைமகளில் வெளிவந்த ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில், பிராட்வே முனையில் நின்றுகொண்டிருக்கும் கந்தசாமிப் பிள்ளையிடம் திருவல்லிக்கேணிக்கு வழி கேட்டு வந்து நிற்கிறார் கடவுள். பிள்ளை ஒரு வைத்தியப் பத்திரிகை நடத்துகிறவர். எதிர்ப்படுகிறவர் கடவுளேயானாலும் அவரிடம் சந்தா சேர்க்காமல் விடமாட்டார். இருவரும் காப்பி சாப்பிடுகிறார்கள். கடவுள் விருந்தாளியாக வீட்டுக்கும் வருகிறார். பிள்ளையின் சின்ன மகள் வள்ளி அவரைத் தாத்தா என்று உறவு கொண்டாடி, கழுத்து ஏன் கறுப்பாக இருக்கிறதென்று கேட்கிறாள். ஆலகால விஷத்தை உண்டு தேவர்களைக் காத்த கதை அத்தனையும் அந்தக் குழந்தையின் ஒரு பார்வையில் வந்துவிடுகிறது. முடிவில், மனிதர்களுக்குத் தூர நின்று வரம் தரலாமேயல்லாமல் கூட இருந்து வாழ இயலாது என்று சொல்லிக் கடவுள் மறைந்துவிட, மேஜையின்மேல் ஜீவிய சந்தா ரூபாய் 25 கிடக்கிறது. பிள்ளை அதை வரவு வைத்துக்கொள்கிறார்.

இதைப் படித்துவிட்டு நாஸ்திகம் என்று புத்தகத்தை மூடுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் விஷயம், எங்கள் காட்டுப்பாக்கத்துக்கு மேற்கே, மெட்ரோத் தூண்கள் எழுந்து நிற்கும் இதே சாலை போய்ச் சேரும் பூந்தமல்லியில் இருக்கிறது. அங்கே அவதரித்த திருக்கச்சி நம்பிகள், நந்தவனத்துப் புஷ்பங்களைத் தொடுத்து எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 30 மைல் தொலைவிலுள்ள காஞ்சிக்கு நடந்து போய், வரதராஜப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசி நின்ற மகான். விசிறிக்கொண்டிருக்கும்போதே பெருமாள் அவரோடு சம்பாஷிப்பார் என்பதும், தள்ளாமையால் நடக்க முடியாமற்போன காலத்தில் பெருமாளே பூந்தமல்லிக்கு எழுந்தருளினார் என்பதும் ஐதிகம். அந்த நம்பிகள் ஒருநாள், அடியேனுக்கு மோக்ஷம் உண்டா என்று கேட்க, அத்தனை அந்தரங்கமான தோழரிடம் பெருமாள் சொன்னது, இல்லை என்பதே! நீர் வீசினீர், அதற்கு நாம் பேசினோம், கணக்குத் தீர்ந்தது என்ற கருத்தில் பதில் வந்ததாகவும், ஒரு பாகவதரின் அபிமானம் வேண்டுமென்று தெரிந்துகொண்ட நம்பிகள் திருக்கோட்டியூர் நம்பியிடம் வேற்று வேஷத்தில் மாடு மேய்க்கப் போனதாகவும் பெரியோர் சொல்லுவர்.

இவ்விரண்டு கதைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒரு வெளிச்சம் உண்டாகிறது. இரண்டிலும் கடவுள் மனிதனோடு நெருங்கிப் பழகுகிறார். இரண்டிலும் கணக்கு நேர் செய்யப்படுகிறது. இரண்டிலும் அவர் மனிதனுடைய இஷ்டப்படி நடக்கவில்லை. பக்தனுடைய ஆசையே கடவுளைக் கற்பிக்கிறது என்று வாதிப்பவர்கள் நம்பிகளின் ஐதிகத்துக்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்? ஆசை கற்பித்த பெருமாளாயிருந்தால் விசிறிய கைக்கு வைகுண்டத்தை உடனே அளந்திருப்பார். தன்னைப் பேசுகிறவனுடைய விருப்பத்துக்கு விரோதமாக நிற்கும் சுதந்திரம் எந்தக் கடவுளுக்கு இருக்கிறதோ, அந்தக் கடவுள், சொன்னவன் பக்தனாயினும் சந்தேகியாயினும், வெறும் பொம்மையல்லர் என்று நான் துணிகிறேன்.

நம்பிகளின் மூலமாகவே தம் சந்தேகங்களுக்குப் பெருமாளிடமிருந்து ஆறு வார்த்தைகளைப் பெற்ற ராமாநுஜர், பிற்காலத்தில் ஸ்ரீபாஷ்யத்தில் சொப்பனத்தைப் பற்றி விசாரிக்கும் இடம் இங்கே நினைக்கத் தக்கது. சொப்பனம் மாயாமாத்திரம் என்பது சங்கரரின் கட்சி. ராமாநுஜரோ, சொப்பனத்தில் தோன்றும் ரதமும் குதிரையும் அந்த ஜீவன் ஒருவனே அநுபவிக்கும்படி அவனுடைய கர்மத்துக்கேற்ப ஈசுவரனால் சிருஷ்டிக்கப்பட்டவை என்கிறார். கனவு காண்கிறவன் கனவுக்கு எஜமானன் அல்லன் என்றால், கதை எழுதுகிறவன் மட்டும் கதைக்கு எப்படி எஜமானனாக முடியும்?

1939இல் ஸ்காட்லாந்தில் மாயக் கதைகளைப் பற்றிப் பிரசங்கம் செய்த டோல்கீன் என்ற ஆங்கிலப் பேராசிரியர், மனிதன் ஒரு சிருஷ்டிகர்த்தாவின் சாயலில் படைக்கப்பட்டவனாதலால்தான் அவனும் உலகங்களைப் படைக்கிறான் என்று வாதித்தார். அவர் திடமான கத்தோலிக்கர்; தம் பெரிய நாவலைப் பன்னிரண்டு வருஷங்களுக்குமேல் எழுதியும் திருத்தியும் வந்தவர். புதுமைப்பித்தனுக்கு எல்லா விதத்திலும் எதிரிடை. ஆயினும் சத்திரத்து மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு வழிப்போக்கன் அவன் இன்னான் என்று தமக்கே தெரியாமல் கதைக்குள் வந்து சேர்ந்ததாக அவரும் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஆகவே வேகமோ நிதானமோ முக்கியமன்று. வந்தவனை வரவிட்டாரா என்பதே முக்கியம்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், கந்தசாமிப் பிள்ளையின் கதை முழுவதும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடவுளும் தேவியும் ஒரு பெரிய மனிதர் வீட்டில் நடனமாடி, நாட்டியம் தெரியாதவர்கள் என்று தடுத்து அனுப்பப்படும் பகுதியில், பட்டணத்துக் கலாரசிகர்களை இடித்துக்காட்டுவதற்கு ஆசிரியர் கடவுளைக் கருவியாக்கிக்கொள்கிறார். அங்கே எனக்குக் கேட்பது விருத்தாசலத்தின் குரல்தான். வள்ளியோடு விளையாடும் கடவுளிடத்தில் அந்தக் குறை இல்லை.

அதே 1943இல் எழுதிய ‘சாப விமோசன’த்திலோ அந்தக் குறை அறவே நீங்கிவிட்டது. அக்கினிப் பிரவேசம் செய்யும்படி ராமன் கேட்டான் என்று சீதையின் வாயாலேயே அறிந்த அகலிகை, அவன் பாதத்தூளியால் பெற்ற உயிரைத் தாங்க மாட்டாமல் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். ராமனைத் தர்மமூர்த்தி என்று நம்பாத ஒருத்திக்கு இப்படி ஓர் அதிர்ச்சி உண்டாக நியாயமில்லை. அத்யாத்ம ராமாயணம், ராவணன் தூக்கிச் சென்றது மாயா சீதையையே என்றும், நெருப்பில் மறைந்திருந்த மெய்ச் சீதை வெளிப்படுவதற்காகவே அந்தப் பிரவேசம் நடந்தது என்றும் சமாதானம் சொல்லுகிறது. அதுவும் கற்பனைதான், பக்தர்களின் வருத்தத்தை ஆற்றுவதற்காக எழுந்த உயர்ந்த கற்பனை. புதுமைப்பித்தன் அந்த வருத்தத்தை ஆற்ற மறுத்தார். மாயா சீதையின் கதையில் ராமனுக்குக் குறை நேராதபடி எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடாகிவிடுகிறது. அகலிகையின் கதையிலோ, ராமன் என்ன சொல்லப்போகிறான் என்பது அவனை நம்பும் எனக்கும் தெரியாததாகவே இருக்கிறது.