இழுக்கும் குட்டியும் ஈர்க்கும் கையும்

இளநாயை வாரிற் பிணித்து வீதியிற் கொண்டுசெல்வோர், அது முன்னோக்கி இழுத்தவழி வாரை வெடுக்கெனப் பின்னீர்த்து அதனை ஒறுத்தல் வழக்கம். அவ்வொறுப்பு அறமாகுமா என்பது ஈண்டு ஆராயப்படும்.

குட்டி இழுப்பது எற்றுக்கு? மோந்து பார்க்க விழைந்த இடத்தை இழுத்தால் அடையலாமென்று கண்டமையான் என்க. இழுத்தபோதெல்லாம் உடன்சென்று அவ்விடஞ் சேர்த்தவர் நாமே. இன்பம் பயந்த செயலை விலங்கு மீண்டுஞ் செய்யுமென்பதனைத் தோர்ண்டைக் என்னும் அமெரிக்க உளநூலார் 1898 ஆம் ஆண்டிற் பூனைகளைக்கொண்டு ஆராய்ந்து காட்டினர். ஆகவே, இழுத்தல் நாம் கற்பித்த பாடமேயாம். கற்பித்தவரே அதன்பொருட்டுத் தண்டித்தல் நடுநிலைமையன்று.

அற்றேல், திருத்தும் வழி யாது? வார் இறுகியவுடன் அசையாது நிற்க, தளர்ந்தவுடன் நடக்க, பக்கத்தே வருங்கால் சிறிது தீன் அளிக்க. முதனாட்களிற் பத்தடி நடத்தற்கும் நெடும்பொழுது செல்லும். இன்று நின்று, நாளை அவசரத்தால் இணங்குவோமாயின், விடாதிழுத்தால் வெல்லலாமென்று குட்டி துணியும்.

வலியுறுத்தினால் விரைவில் அடங்குமே என்பாருமுளர். அது கைக்கு அஞ்சுதலன்றி நடை கற்றலாகாது. மின்னதிர்ச்சி தருங் கழுத்துப்பட்டியை வேல்சு நாடு 2010 ஆம் ஆண்டில் விலக்கிற்று. யானும் ஒருநாள் வாரை வலிந்தீர்த்தேன். குட்டி இருமித் தலைகவிழ்ந்தது. பொறையிழந்தது குட்டியன்று, யானே என்று நாணினேன்.

ஆசிரியர்காள்! பிரம்பை எடுக்குமுன், இக்குற்றத்திற்கு நேற்று வழிவிட்டவர் யாவரென வினவுதல் நம் கடனாம்.