உண்ட பின் ஒரு சொல்

பசியின்போது உணவை நினையாதார் இலர். உண்டு முடித்தபின் அதனை நினைப்பார் மிகச் சிலரே. பசித்தவன் இறைவனை வேண்டுவதில் வியப்பொன்றும் இல்லை. வயிறே அவனுக்கு அதனைக் கற்பித்துவிடுகிறது. வயிறு நிறைந்தவனுக்கோ நன்றி சொல்லக் கற்பிக்கும் ஆசான் எவரும் இல்லை. ஆகவே, உண்டபின் நன்றி கூறுதல் கடமையா, அன்றி வெறும் வழக்கமா என்னும் வினா அறநூல் கற்பார் எண்ணிப் பார்க்கத்தக்கதாகும்.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்திலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் நண்பகல் வேளையில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் நிரம்பி வழிகின்றன. அலுவலகத்தார், கடைச் சிப்பந்திகள், கல்லூரி மாணவர் எனப் பலரும் அங்கே அருகருகே அமர்கின்றனர். தமிழரோடு சீனரும் மலாய்க்காரரும் அதே இலைச்சோற்றைச் சுவைத்து உண்கின்றனர். உண்டு முடித்ததும் பெரும்பாலோர் ஒரு செயலைச் செய்கின்றனர்: இலையின் மேற்பாதியைத் தம்மை நோக்கி மடிக்கின்றனர். அவ்வாறு மடிப்பது மனநிறைவின் அடையாளம் என்பதும், எதிர்ப்புறமாக மடிப்பது துக்க வீட்டிற்குரியது என்பதும் பலர் கைக்கொள்ளும் வழக்கு. பின்னர் எழுந்து கைகழுவி, பணத்தைச் செலுத்திவிட்டுச் செல்கின்றனர்.

அந்த மடிப்பு யாருக்கு உரியது? விருந்து வீட்டில் அது விருந்தளித்தவருக்குரியது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். கடையில் அப்படிச் சொல்வதற்கில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் முதுமொழி. உப்பு விலைக்கு வந்துவிட்ட இடத்தில் உப்பிட்டவர் யார்? சமைத்தவருக்குக் கூலி கிடைத்தது. கடைக்காரருக்கு ஊதியம் கிடைத்தது. உண்டவனுக்கு உணவு கிடைத்தது. கணக்குத் தீர்ந்தது. கணக்குத் தீர்ந்தபின் நன்றி எங்கிருந்து வரும் என்று கேட்பவனுக்கு விடை கூறுவது எளிதன்று.

இவ்வினாவைச் சட்டமாகவே வகுத்துக்கொண்டு, ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளாக ஆய்ந்துவரும் மக்கள் யூதர் ஆவர். அவர்கள் தென்னகத்திற்கு முற்றிலும் அயலாரும் அல்லர். கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அஞ்சுவண்ண உரிமைகளை அளித்த செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. 1948க்குப் பின்னர் கொச்சி யூதருள் மிகப் பெரும்பாலோர் இசுரவேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்துவிட்டனர். நெல்லும் தென்னையும் செழித்த நாட்டில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த அம்மக்களும், உண்டபின் கூறும் வாழ்த்துரைச் சட்டத்திற்கு உட்பட்டவர்களே.

அச்சட்டத்தின் வேர் தோரா என்னும் திருமறையின் ஐந்தாம் நூலில் உள்ளது. உண்டு நிறைவடைந்தபின் இறைவனை வாழ்த்த வேண்டும் என்பது அங்குள்ள கட்டளை. அதனை அடுத்தே, நிறைந்த வயிறும் நல்ல வீடும் பெருகிய செல்வமும் மனிதனைச் செருக்குறச் செய்து, தந்தவனை மறக்கச் செய்யும் என்னும் எச்சரிக்கையும் வருகிறது. உணவுக்கு முன் வேண்டுதல் செய்வது பல சமயத்தார்க்கும் பழக்கம். யூதரும் உண்ணுமுன் வாழ்த்துரை கூறுகின்றனர். ஆயினும் அதனைப் பிற்கால அறிஞர்களே வகுத்தனர் என்றும், திருமறை நேரே கட்டளையிட்டது உண்டபின் கூறும் வாழ்த்துரையையே என்றும் அவர்கள் சட்டநூலார் பொதுவாகக் கொள்வர். மறதி எங்கே பிறக்கிறதோ அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது. பசியில் மறதி இல்லை. நிறைவில்தான் மறதி பிறக்கிறது.

மேலும், எல்லா உணவிற்கும் ஒரே வாழ்த்துரை போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. கோதுமை, வாற்கோதுமை முதலிய ஐவகைத் தானியங்களால் ஆன ரொட்டியை உண்டால், நான்கு பகுதிகளைக் கொண்ட நீண்ட வாழ்த்துரை கூற வேண்டும். பிர்கத் ஹமாசோன் என்பது அதன் பெயர். எல்லா உயிர்க்கும் உணவளிப்பதற்காகவும், நிலத்திற்காகவும், எருசலேம் நகருக்காகவும், இறைவனின் நன்மைக்காகவும் அதன் பகுதிகள் முறையே அமைந்துள்ளன. விருந்தினராக உண்டவர் விருந்தளித்தவரை வாழ்த்தவும் அதில் இடமுண்டு. அதே தானியங்களால் ஆன பிற பண்டங்கள், திராட்சை மது, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை ஆகியவற்றிற்கு, அந்நீண்ட உரையின் சாரத்தைச் சுருக்கிய இடைநிலை உரை ஒன்று உண்டு. இறைச்சி, மீன், முட்டை, பால், காய்கறி, தண்ணீர் ஆகிய ஏனைய அனைத்திற்கும் போரே நெபாஷோத் என்னும் மிகச் சிறிய உரை போதும்.

இப்பாகுபாடு விலையையோ சுவையையோ பொறுத்ததன்று. விலையுயர்ந்த இறைச்சிக்குச் சிற்றுரை. எளிய ரொட்டித் துண்டிற்கு நெடிய உரை. திருமறை புகழ்ந்து பேசும் ஏழு விளைபொருள்களுக்கே சிறப்பிடம் தரப்பட்டுள்ளது. அளவும் அவ்வாறே. கட்டளை நிறைவடைந்தவனைக் குறித்ததாயினும், ஒலிவம்பழ அளவு ரொட்டி உண்டவனும் வாழ்த்துரை கூறவேண்டும் என அறிஞர்கள் வரையறுத்தனர். உணவை விலைக்கு வாங்கியவனுக்கும் கொடையாகப் பெற்றவனுக்கும் இடையே சட்டம் வேறுபாடு காட்டவில்லை.

இங்கேதான் முன்னர் எழுந்த வினாவிற்கு விடையின் ஒரு பாதி கிடைக்கிறது. விலை என்பது மனிதரின் உழைப்பிற்கு மனிதர் தரும் ஈடு. மழைக்கும் மண்ணிற்கும் விதைக்குள் உறங்கும் உயிர்ப்பிற்கும் எவரும் பணம் செலுத்துவதில்லை, செலுத்தவும் இயலாது. கடைக்காரரின் கணக்குத் தீரும்போது தீராமல் நிற்கும் கணக்கு ஒன்று உண்டு. உண்டபின் கூறும் சொல் அக்கணக்கை அடைப்பதற்கன்று. அது தீரவில்லை என்பதை ஒப்புக்கொள்வதற்கே.

இனி, அரிசியின் நிலையைக் காண்போம். சோற்றையே உணவென்று கருதும் தமிழர்க்கு இச்சட்டத்தில் ஒரு குறை தோன்றலாம். அரிசி அவ்வேழு விளைபொருள்களுள் ஒன்றன்று. ஆதலின், வயிறார உண்ட சோற்றிற்கும் உண்டபின் உரியது அந்தச் சிற்றுரையே. கிழங்கிற்கும் அதுவே. ஆனால், அச்சிற்றுரையின் பொருளை நோக்கினால் வியப்பு மேலிடுகிறது. உயிர்கள் பலவற்றைப் படைத்ததற்காக மட்டுமன்றி, அவற்றை அவற்றின் குறைகளோடும் தேவைகளோடும் படைத்ததற்காகவும் அது இறைவனை வாழ்த்துகிறது. நெடிய உரை நாட்டையும் நகரையும் நினைக்கிறது. சிற்றுரையோ பசியையே நினைக்கிறது. எளிய உணவிற்குக் கிடைத்த இந்த எளிய சொல், ஒருவகையில் ஏனையவற்றினும் ஆழமானது எனலாம்.

பசியை நினைக்கும் சொல்லின் அருமையை மலாயாத் தமிழர்க்கு எடுத்துக் கூறவேண்டியதில்லை. 1942 ஜனவரியில் சப்பானியப் படை கோலாலம்பூரினுள் புகுந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகிப்போயிற்று. பங்கீட்டு அரிசி வயிற்றை நிரப்பப் போதவில்லை. 1945 வரை மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்குமே தோட்டப்புறத்தில் பலருக்கும் உணவாயின. சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டவருள் பல்லாயிரவர் நோயாலும் பட்டினியாலும் மாண்டனர். அக்காலத்தைக் கடந்து வந்த தலைமுறையினர், தரையில் சிந்திய ஒரு பருக்கையையும் எடுத்து இலையில் இட்டனர். அவர்களுக்கு எவரும் வாழ்த்துரைச் சட்டம் கற்பிக்கவில்லை. பட்ட பசியின் நினைவே அவர்களுக்குச் சட்டமாயிற்று. அத்தலைமுறை மறைந்துவருகிறது. பசியை அறியாத தலைமுறைக்கு அந்நினைவை எது தரும்?

சட்டம் தரும் என்றால், மறுப்பு ஒன்று எழும். ஒலிவம்பழத்தை அளவுகோலாக்கி, இன்ன உணவிற்கு இன்ன சொல் என்று வகுத்துவிட்டால் நன்றி உயிரற்ற சடங்காகிவிடாதா? உள்ளத்தில் ஊறவேண்டிய ஒன்றை நாவினால் ஒப்புவிக்கச் செய்வது முறையா? தமிழ் இல்லங்களில் தாய்க்கு எவரும் சோற்றுக்காக நன்றி உரைப்பதில்லை. உரைத்தால் அவள் அதனை அயன்மையாகவே கொள்வாள். சொல்லாத நன்றியே உயர்ந்தது அன்றோ?

இம்மறுப்பில் உண்மை இல்லாமல் இல்லை. நாவிலே மட்டும் நின்றுவிடும் நன்றி, நன்றியாகாது. ஆயினும், சொல்லாத நன்றி எல்லாம் உள்ளத்தில் இருக்கும் நன்றி என்று கொள்வதும் பிழை. தாயிடம் சொல்லாமல் விட்டது அன்பின் நெருக்கத்தால். உலகிடம் சொல்லாமல் விடுவது பெரும்பாலும் மறதியால். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அறியாதவன், தன் மறதிக்கு நெருக்கம் என்று பெயர் சூட்டிக்கொள்கிறான். அன்றியும், உணவுக்கேற்பச் சொல் மாறும் என்னும் விதி, உண்டவனை ஒரு கணம் நிறுத்தி, தான் உண்டது யாது, அது மரத்தில் விளைந்ததா, மண்ணில் விளைந்ததா என்று கேட்கச் செய்கிறது. தான் உண்டது இன்னதென்று அறியாதவன் அதற்கு எவ்வாறு நன்றி கூற இயலும்?

அச்சட்டத்தில் மற்றொரு நுட்பமும் உண்டு. உண்டது செரித்து மீண்டும் பசிக்கத் தொடங்குமுன் வாழ்த்துரையைக் கூறிவிட வேண்டும். அவ்வேளை கடந்தால் வாய்ப்பும் கடந்துவிடும். நன்றிக்கும் பருவம் உண்டு என்பதே இதன் கருத்து. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்த நன்றி, பெரும்பாலும் சொல்லாமலே போய்விடுகிறது.

பிற சமயத்தார் நெறியும் இதற்கு மாறுபட்டதன்று. இசுலாமியர் உண்டு முடித்ததும் இறைவனுக்கே புகழ் என்கின்றனர். வடலூரில் 1867இல் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலை, பசி தீர்ப்பதையே வழிபாடாக்கியது. அந்நெறியின் வழியில் நோக்கின், உண்டவன் செலுத்தும் நன்றி பசித்த பிறரை நினைப்பதிலேதான் நிறைவுறும்.

இந்நோக்கில் மடித்த இலையை மீண்டும் பார்த்தல் வேண்டும். மனநிறைவைக் காட்டும் அதே மடிப்பு, உண்ணாமல் விட்ட சோற்றையும் மறைத்துவிடுகிறது. திருமண மண்டபங்களிலும், பத்துமலைத் தைப்பூச அன்னதானப் பந்தல்களிலும், அளவறியாது வாங்கிப் பாதியில் விட்ட உணவு குப்பைக்குச் செல்வதைக் காண்போர் உண்டு. அங்கே மடிப்பு நன்றியன்று. மிச்சத்தின் மேல் இட்ட மூடி. உள்ளே ஏதும் எஞ்சாத இலையை மடிப்பவனே அம்மடிப்பிற்கு உரியவன்.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். செய்ந்நன்றியறிதல் பதினோராம் அதிகாரம். இரண்டிற்கும் நடுவே நிற்பது இனியவை கூறல். விருந்திலிருந்து நன்றிக்குச் செல்லும் வழியில் ஓர் இன்சொல் நிற்பதாக இவ்வைப்புமுறையைக் கொள்ளலாம். அச்சொல் எம்மொழியில் அமைந்தாலும், எச்சமயத்தைச் சார்ந்தாலும் ஆகுக. வயிறு நிறைந்த அந்த ஒரு கணத்தில் பசியை நினைந்து கூறப்படுமானால் அது சடங்கன்று, அறமே ஆகும்.