பிணவறை வாசலில் கேட்கப்படும் கையெழுத்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலை வெடித்தால், அன்று நடப்பவை பெரும்பாலும் ஒரே வரிசையில் நடக்கின்றன. மருந்துக் கலவையில் உராய்வு ஏற்படுகிறது, அறை தரைமட்டமாகிறது, போர்மேன் கைதாகிறார், உரிமையாளர் தலைமறைவாகிறார். மாலையில் அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் உறவினர்கள் உடலை வாங்க மறுத்து உட்காருகிறார்கள். இரவுக்குள் பேச்சுவார்த்தை முடிகிறது. ஒரு தொகைக்குக் காசோலை, ஈமச்சடங்குக்குத் தனியாகக் கொஞ்சம் பணம், அதோடு கையெழுத்துக்கு ஒரு தாள். கையெழுத்து விழுந்ததும் உடல் ஊருக்குப் போகிறது.

அந்த நேரத்தில் சட்டம் தெரிந்த ஒருவர் குடும்பத்தின் பக்கம் நிற்க வேண்டுமா? அல்லது துக்கம் ஆறி, அவர்களாகத் தேடி வரும்வரை விலகி நிற்பதுதான் அறமா?

விலகி நிற்கச் சொல்பவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. கருகிய உடலை வளையலை வைத்து அடையாளம் காட்டிவிட்டு வந்த தாயிடம், மகளின் வாரக் கூலி எவ்வளவு என்று கேட்பது கொடுமை. துக்கத்தை வருமானமாக்கும் வழக்கறிஞர்களும் உண்டு. 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த சில நாட்களுக்குள் அமெரிக்க வழக்கறிஞர்கள் விமானமேறி வந்து, பாதிக்கப்பட்டவர்களைக் கட்சிக்காரர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். அது அந்தத் தொழிலுக்கே இழுக்கு. இந்தியப் பார் கவுன்சில் விதிகள், வழக்கறிஞர் வழக்குத் தேடிப் போவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு பேசுவதையும் தடை செய்கின்றன. அந்தத் தடை சரியானதே.

ஆனால் இந்த அடக்கம் ஒரு தரப்புக்கு மட்டுமே விதிக்கப்படுகிறது. ஆலை முதலாளியின் கணக்குப்பிள்ளை அன்று மாலையே வருகிறார். கூலியாட்களைக் கூட்டிப்போன ஏஜென்ட் வருகிறார். ஊர்ப் பெரியவர்களும் அரசியல் கட்சியினரும் வருகிறார்கள். துக்க வீடு என்று எவரும் தயங்குவதில்லை. ஏற்கெனவே எழுதிய தாள் தயாராக இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் குடும்பத்துக்காகப் பேசத் தெரிந்தவர் மட்டும் பண்பு கருதி வெளியே நிற்க வேண்டுமென்றால், அந்தப் பண்பு யாருக்குப் பயன்படுகிறது? ஒரு பக்கத்தை மட்டும் கட்டிப்போடும் மரியாதை மறுபக்கத்தின் ஆயுதமாகிவிடுகிறது.

அந்தத் தாளில் குடும்பம் இழப்பது என்ன என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை அவர் வயதுக்குரிய காரணியால் பெருக்கச் சொன்னது. கணக்கில் கொள்ளும் கூலியின் உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் அச்சட்டப்படி 15,000 ரூபாயாக இருந்தது. நாற்பது வயதுக்குரிய காரணி 184.17. மாதம் 15,000 சம்பாதித்த நாற்பது வயதுக்காரர் இறந்தால் 7,500ஐ 184.17ஆல் பெருக்க, 13,81,275 ரூபாய் வருகிறது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், காரணமின்றித் தாமதித்தால் தொகையில் பாதிவரை தண்டமும் சேர வேண்டும் என்றது அச்சட்டம். இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் பதிவான தொழிலாளி என்றால் வழி வேறு: சராசரிக் கூலியில் 90 விழுக்காடு, சார்ந்திருப்போருக்கு மாதாமாதம் வரும். பிணவறை வாசலில் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்ல எவருமில்லை.

1923ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்றையும் சொன்னது: மரணத்துக்கான இழப்பீட்டை முதலாளி, தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். சிறு முன்பணம் போக, குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்தது இழப்பீடாகவே எண்ணப்படாது. மனைவிக்கு எவ்வளவு, பெற்றோருக்கு எவ்வளவு, சிறு பிள்ளைகளின் பங்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை ஆணையர் முடிவு செய்வார். உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது. இறுதிச் சடங்கு நாளில் நடக்கும் பேரம் சமமானவர்களுக்கு இடையிலான பேரமல்ல என்பதை நூறாண்டுக்கு முன்பே சட்டம் உணர்ந்திருந்தது. 2020இல் நிறைவேறி, 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இழப்பீட்டுப் பொறுப்பைத் தொடர்கிறது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் கொடுத்த பாதுகாப்பு, அதைச் சொல்ல ஆளில்லாததால் ஏட்டோடு நின்றுவிடுகிறது.

இறந்தவர் மேலேயே பழி விழுவதும் உண்டு. கவனமில்லாமல் மருந்தைக் கையாண்டார், விதியை மீறினார் என்று சொல்லியே குடும்பத்தின் வாயை அடைப்பார்கள். வெட்கத்தோடு கையெழுத்துப் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இழப்பீட்டுக்கு முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதே இல்லை. வேலையின் காரணமாக நேர்ந்த விபத்து என்றால் போதும். மரணம் நேர்ந்தபின், தொழிலாளி விதியை மீறினார் என்ற வாதமும் எடுபடாது. ஆபத்தான தொழிலை நடத்திப் பயனடைபவர் அதன் தீங்குக்கு முழுப் பொறுப்பு என்று 1986இல் ஸ்ரீராம் ஆலை வாயுக்கசிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிபடச் சொன்னது.

கையில் வரும் ரொக்கத்தைவிட்டு நீதிமன்றப் படியேறுவானேன், ஆலை மூடினால் ஊரின் பிழைப்பு போகுமே என்ற அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. இறந்தவரின் தம்பியோ மனைவியோ அதே முதலாளியிடம் நாளை வேலைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் சட்டப்படியான இழப்பீடு ஆலையை மூடும் தண்டனை ஆகாது. காப்பீட்டின் மூலம் தாங்கக்கூடிய தொழிற்செலவு அது. அந்தச் செலவை முதலாளி ஏற்காதபோது, அதை இறந்தவரின் பிள்ளைகள் படிப்பை விட்டு ஏற்கிறார்கள். நாக்பூரிலுள்ள மத்திய வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு தரும் உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, உள்குத்தகைக்கு அறைகளை வேறு சிலர் நடத்துவது இந்த வட்டாரத்தில் தெரிந்த கதை. ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு என்று சட்டம் சொல்வதால், குத்தகைக்கு விட்டுவிட்டேன் என்று எவரும் எளிதில் கைகழுவ முடியாது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் நடந்த வெடி விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிப்பில் இறந்தவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்களே அல்ல. புகையைப் பார்த்து உதவ ஓடி வந்தவர்கள். அவர்களின் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இராது. தொழிலாளர் சட்டம் அவர்களை எட்டாது. வேறு வழியைத் தேடிச் சொல்ல ஆள் வேண்டும். எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாதவரைத் தானாக வந்து தட்டச் சொல்வது நீதியாகாது.

அப்படியானால் யார் போவது? கட்டணம் தேடும் வழக்கறிஞர் போகக்கூடாது. அரசு போக வேண்டும். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம், இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியானவர்களின் பட்டியலில் தொழிற்சாலைப் பேரிடரில் பாதிக்கப்பட்டவர்களை வெளிப்படையாகவே சேர்த்திருக்கிறது. பெண்களும் குழந்தைகளும் தொழிலாளர்களும் வருமானக் கணக்கின்றியே அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். மாவட்டந்தோறும் ஆணைக்குழு உண்டு. சட்டத் தன்னார்வலர்களும் உண்டு. முதல் சில நாட்களில் அவர்கள் செய்ய வேண்டியவை எளியவை: முதல் தகவல் அறிக்கையின் நகலையும் உடற்கூராய்வு அறிக்கையையும் பெற்றுத் தருவது, கூலிக்குச் சான்று தேடுவது, கூட வேலை செய்தவர்களின் பெயரைக் குறித்துவைப்பது. பீஸ் ரேட்டில் வேலை செய்தவருக்குச் சம்பளச் சீட்டு இருக்காது. சாட்சி சொல்லக்கூடியவர்கள் வேறு ஆலைக்குப் போய்விட்டால், வேலை செய்தார் என்பதையே நிரூபிக்க முடியாமல் போகும். இந்த அவசரத்தின் முன்னால் ‘காரியம் முடியட்டும்’ என்று காத்திருப்பது உதவியாகாது.

உதவிக்கும் எல்லை உண்டு. அதையும் போபால்தான் கற்பித்தது. 1985இல் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டவர்கள் அனைவரின் சார்பிலும் வழக்கு நடத்தும் உரிமையை மத்திய அரசு தானே எடுத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு வழக்கு முடிக்கப்பட்டது. மூச்சுத் திணறலோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்களை எவரும் கேட்கவில்லை. பேராசைக்காரர்களிடமிருந்து காப்பாற்றுகிறோம் என்ற பெயரில் மக்களின் குரலையே எடுத்துக்கொள்வதும் அநீதிதான். தாளைப் படித்துக் காட்டுவதும், கணக்கைச் சொல்வதும், உடன் நிற்பதும் உதவி செய்பவரின் கடமை. எந்த வழியில் போவது என்று சொல்ல வேண்டியது குடும்பம்.

ஆகவே, வெடி விபத்து நடந்த அன்றே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆள் மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவர் படித்துக் காட்டாத எந்தத் தாளிலும் குடும்பத்தின் கையெழுத்து வாங்கப்படக் கூடாது. தொழிற்சங்கங்களும் வழக்கறிஞர் சங்கங்களும் மாவட்ட ஆட்சியரிடம் இதைக் கேட்டுப் பெற வேண்டும். இதைப் படிப்பவருக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருக்கலாம். அவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்: அந்தத் தாள் உங்கள் உரிமையைப் பறிக்கவில்லை, மனுவுக்குக் காலக்கெடு இருந்தாலும், தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு, ஆணைக்குழுவின் வழியே போனால் வழக்கறிஞருக்கு நீங்கள் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டியதில்லை.