ஒரு குதிரைக்கு ஓர் ஏக்கர்

கிருஷ்ணகிரி மாவட்டத்து நாட்றாம்பாளையத்தில் பெய்யும் மழைக்குப் போக்கிடம் ஒன்றுதான். ஓடைகள் சரிவில் இறங்குகின்றன, அஞ்செட்டிப் பக்கத்துத் தொட்டல்லா ஆறும் அப்படியே, எல்லாம் காவிரிக்கு. பக்கத்திலேயே பிலிகுண்டுலு இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து நமக்கு வரும் காவிரி நீரை மத்திய நீர் ஆணையம் அளந்து பார்க்கும் இடம் அது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் சொன்ன 177.25 டி.எம்.சி. அங்கேதான் கணக்கில் ஏறுகிறது. சற்றுக் கீழே ஒகேனக்கல்லில் இறைக்கும் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குடும்பங்கள் குழாயில் பிடித்துக் குடிக்கின்றன. தண்ணீரின் அளவுக்காகப் பல்லாண்டு வழக்காடியவர்கள் நாம். நம் பங்குக்கு அந்தத் தண்ணீரில் என்ன கலந்து அனுப்புகிறோம் என்று நம் வீட்டுக் கொட்டிலிலிருந்தே கேட்கத் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். அதனால்தான் குதிரை லத்தியைப் பற்றி எழுதுகிறேன்.

ஓசூர் வட்டாரத்துக்குக் குதிரை புதிதல்ல. மத்திகிரியில் இன்று அரசு கால்நடைப் பண்ணை இருக்கும் இடம், 1824-இல் வெள்ளையர் தங்கள் படைக்குக் குதிரை வளர்க்க ஏற்படுத்தியது. ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அத்தனை பரப்பில் லத்தி எங்கே விழுந்தாலும் மண் வாங்கிக்கொள்ளும். இரண்டு ஏக்கர் தோட்டத்தில் ஆசைக்கு ஒரு குதிரை கட்டுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

கணக்கைப் பார்ப்போம். 450 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளில் ஏறத்தாழ 14 கிலோ லத்தி போடும். 9 லிட்டர் மூத்திரம் பெய்யும். இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு எட்டு டன்னைத் தாண்டுகிறது. கீழே பரப்பும் வைக்கோலையும் சேர்த்தால் பத்து டன். மட்டக்குதிரை என்றால் பாதி. இந்தப் பத்து டன் நன்றாக மக்கினால் ஐந்து டன்னாகச் சுருங்கும். மானாவாரி ராகிக்கு வேளாண் துறையினர் சொல்லும் தொழுவுரம் எக்டேருக்கு 12.5 டன், ஏக்கருக்கு ஐந்து. ஆக, ஒரு குதிரையின் ஓராண்டு எரு ஓர் ஏக்கர் ராகிக் கொல்லைக்குச் சரியாகப் போகும். அந்த ஓர் ஏக்கர் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் குதிரை வாங்குவது, பிள்ளையைப் பெற்றுவிட்டுத் தொட்டிலுக்கு இடம் தேடுவது போன்றது.

மாட்டுச் சாணத்தோடு பழகிய கை, லத்தியையும் அப்படியே நினைத்து ஏமாறும். மாடு அசைபோடும், குதிரை அசைபோடாது. யானையைப் போலவே நாரைப் பாதி செரித்து வெளியே தள்ளும். அஞ்செட்டிக் காட்டோரத்தில் யானை லத்தியைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே விதை முழுசாக இருக்கும். நாலு நாள் மழையில் முளைவிடும். குதிரை லத்தியும் அதுதான். நானே ஒரு முறை அவசரப்பட்டுப் பச்சை லத்தியைக் கத்தரிப் பாத்தியில் கொட்டினேன். செடி வெளிறிப் போனது. வைக்கோல் மக்குவதற்கு மண்ணிலிருந்த தழைச்சத்தை இழுத்துக்கொண்டுவிட்டது என்று பிறகுதான் விளங்கியது. செடி இளைத்த இடத்தில் களை செழித்தது. அந்தக் களையைப் பிடுங்கிய பெண்களின் முதுகுவலிக்கு நான்தான் காரணம்; அதை இன்றும் மறக்கவில்லை.

குவித்துவைத்தால் மட்டும் லத்தி எருவாகிவிடாது. குவியல் இடுப்பளவு உயரமும் அதே அகலமும் இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும். 55 முதல் 65 டிகிரி வரை அந்தச் சூடு சில நாள் நிற்க வேண்டும். அதில்தான் களை விதையும் குடற்புழு முட்டையும் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி மூன்று நான்கு தடவை புரட்ட வேண்டும். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை நனையலாம், சொட்டக் கூடாது. மூன்று நான்கு மாதத்தில் லத்தியின் வாசம் போய் மண்வாசம் வரும். ஈயை மறந்துவிடக் கூடாது. வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாகப் பத்து நாளே போதும். லாயத்தை நாள்தோறும் வாரிச் சூடேறும் குவியலில் சேர்த்துவிட்டால் அதற்கு இடமில்லை. வாராதவர் வீட்டு ஈ அடுத்த வீட்டுக் குழந்தையின் சோற்றில் உட்காரும்.

குவியலின் இடத்தில்தான் மனிதருடைய மனசு தெரிகிறது. கிணற்றுக்கு மேட்டில் போடாதீர்கள்; நூறடியாவது தள்ளி, தாழ்வான பக்கம் போடுங்கள். மேலிருந்து வரும் மழைநீர் திரும்பிப் போக ஒரு வரப்பு, மேலே ஓலையோ தார்ப்பாயோ. ஓடைக்கரையில் கொட்டினால் முதல் மழை வேலையை முடித்துவிடும். கொட்டியவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கொடைக்கானல் ஏரிச் சாலையில் சவாரிக் குதிரைகள் போடுவதை மழை எங்கே கொண்டுபோகிறது என்பதை அங்கே போனவர்கள் பார்த்திருப்பார்கள். காட்டோரத்தில் கொட்டுவதும் அதே தப்புத்தான். இந்த வட்டாரக் காடுகளில் பெரும்பகுதி 2014-இலும் 2022-இலும் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு, தெற்குச் சரணாலயங்கள். வெளியூர்த் தீவனத்தில் வந்த விதை அங்கே முளைத்தால் யாரும் போய்ப் பிடுங்கப்போவதில்லை.

உடம்புக்கும் ஒரு வார்த்தை. குதிரை லத்தியில் ரண ஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி இருக்கக்கூடும். வெறுங்காலோடு, ஆறாத புண்ணோடு அதில் இறங்கக் கூடாது. கூலிக்கு வாருகிறவருக்குத் தடுப்பூசி போடவைப்பது உரிமையாளரின் கடமை. குதிரைக்குக் குடற்புழு மருந்து கொடுத்த பின் சில நாள் லத்தியைத் தனியாகக் குவித்து மக்கவிடலாம். ஐவர்மெக்டின் போன்ற மருந்து லத்தி வழியே போய், எருவை மண்ணுக்குள் இறக்கும் சாணி வண்டையும் கொல்லும். குதிரைக்கு மூக்கில் சீழும் தோலில் புண்ணும் கண்டால் லத்தியை யாருக்கும் கொடுக்காமல் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம்; மனிதருக்கும் தொற்றும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நியூயார்க்கில் லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் வண்டி இழுத்தன. காலி மனைகளில் லத்தி மலையாகக் குவிந்து நாறியது. அதே நூற்றாண்டில் பாரிஸைச் சுற்றியிருந்த காய்கறித் தோட்டக்காரர்கள் நகரத்து லாயங்களின் லத்தியை வாங்கிப் பாத்திக்கு அடியில் போட்டு, அது தரும் சூட்டில் குளிர்காலத்திலும் கீரை வளர்த்தார்கள். இரண்டு ஊரிலும் ஒரே லத்திதான்.

நமக்குப் பாரிஸ்வரை போக வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் மாடு வளர்ப்பவர்கள் பாலை நம்பி வளர்ப்பதில்லை. பட்டியில் சேரும் எருவும், உழவுக்கு விற்கும் கன்றும்தான் வரும்படி. ஆட்டுக்கிடை போடுகிறவருக்கு நிலத்துக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கிறார். கன்னடத்தில் கொப்பர என்றாலும் தமிழில் எரு என்றாலும், இந்த எல்லைப் பக்கத்தில் அதற்கு விலை உண்டு. தோட்டத்தில் குதிரை கட்டியவர் பக்கத்துக் கொல்லைக்காரரிடம் போய், "அண்ணா, மக்கின எரு ஐந்து டன் இருக்கு, ஆடி உழவுக்கு முன்னாடி வண்டி அனுப்புங்க" என்று சொன்னால் வேண்டாம் என்று யார் சொல்வார்? பச்சையாகக் கொண்டுபோய்த் தலையில் கட்டினால்தான் முகம் சுளிப்பார். வண்டி வரும்போது கூட நின்று நாலு கூடை அள்ளிப் போடுங்கள். அடுத்த ஐப்பசியில் அந்தக் கொல்லை ராகியின் தாள் உங்கள் குதிரைக்குத் தீவனமாக வரக்கூடும்.